பல்வலிக்குப் பொறுப்பாளி யார்?

(திருப்பாதிரிப்புலியூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று எதைப்பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் நம்மைக் கேட்டபோது, பல்லைப்பற்றி என்று சொன்னோம். அவர்கள் சிரித்தார்கள். சாமியைப்பற்றியும், சாதியைப்பற்றியும், சடங்கைப்பற்றியும் நாம் பேசுவதைக் கேட்டுப் பழகியவர்களுக்குப் பல் ஒரு பெரிய விஷயமாகப் படாததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பல்லுக்குள்ளேயே சாமியும் இருக்கிறது, சாதியும் இருக்கிறது, சர்க்காரும் இருக்கிறது என்பதைக் காட்டுவதற்காகவே இன்று இங்கு வந்திருக்கிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். அவரவர் வாயிலேயே பல் இருக்கிறது, ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். (சிரிப்பு)

இன்று காலையில் கெடிலக்கரைப் பக்கம் ஒரு தோழர் வீட்டில் இறங்கியிருந்தோம். அங்கே களை எடுக்கிற கூலி வேலை செய்யும் ஒரு அம்மாள் வந்திருந்தார். வயது 60-க்கு மேல் இருக்கும். முந்தானையைத் தாடையோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார். அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தால், ஒரு பக்கத்துக் கன்னம் எலுமிச்சம்பழத்தை அடக்கி வைத்ததுபோல் வீங்கியிருந்தது. "எத்தனை நாளாய் அம்மா?" என்று கேட்டோம். "எட்டு நாளாச்சுங்க" என்றார். "ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாதா?" என்றோம். "போனா ரெண்டு நாள் கூலி போயிடுமுங்க. பல்லுதானே, விழுந்தா விழுது. எந் தலையெழுத்து" என்றார்.

அந்த எட்டு நாளில் அவர் செய்த செலவு என்ன என்று கணக்குக் கேட்டோம். தெருவில் வந்த பூச்சி எடுக்கிறவனுக்கு 150 ரூபாய். மந்திரித்துக் கயிறு கட்டினவருக்கு 50 ரூபாயும் ஒரு தேங்காயும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கித் தின்ற வலி மாத்திரைக்கு 90 ரூபாய். ஆக 290 ரூபாயும் ஒரு தேங்காயும் போயின. வீக்கம் மாத்திரம் போகவில்லை. பல் வைத்தியம் படித்த ஒருவர் முன்னால் அந்த அம்மாள் வாயைத் திறக்கவே இல்லை.

இவரை மடமை பிடித்தவர் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். அவர் போட்ட கணக்கு அவர் நிலைமைக்குச் சரியான கணக்குத்தான். பூச்சி எடுக்கிறவன் வாசலுக்கே வருகிறான். கால் மணியில் வேலையை முடித்துவிடுகிறான். கூலி கெடுவதில்லை. படித்த வைத்தியமோ பஸ்ஸேறிப் போய், சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, நாளைக்கு வா என்று சொன்னால் நாளைக்கும் போய்ப் பெறவேண்டியதாய் இருக்கிறது. மோசக்காரன் வீட்டு வாசலிலும், விஞ்ஞானம் காத தூரத்திலும் இருந்தால், ஏழை எதைத் தொடுவான்? ஆகவே மூடநம்பிக்கையை ஒழிக்கவேண்டும் என்று மேடையில் பேசிவிட்டுப் போவதோடு நம் வேலை தீர்ந்துவிடாது. மூடநம்பிக்கை மலிவாகவும் அறிவு கிராக்கியாகவும் இருக்கும்படி விட்டு வைத்திருப்பது யார் என்பதையும் கேட்டாகவேண்டும்.

முதலில் பூச்சியைப்பற்றி இரண்டு வார்த்தை. சொத்தைப் பல்லைப் பூச்சிப்பல் என்று சொல்லிச் சொல்லியே நம் ஜனங்கள் பல்லுக்குள் புழு குடியிருப்பதாக நம்பிவிட்டார்கள். விதையைச் சுட்டுப் புகை காட்டியோ, காதோரத்தில் குழாயை வைத்து ஊதியோ, வெள்ளையாக எதையோ துணியில் உதறிக் காட்டி, இதோ பூச்சி என்கிறான். அது அவன் கையிலிருந்து வந்ததே தவிர உங்கள் வாயிலிருந்து வந்ததல்ல. இந்தப் பைத்தியக்காரத்தனம் நமக்கு மாத்திரம் சொந்தமல்ல. அய்ரோப்பாவிலும் வெகுகாலம் பல் புழுவை நம்பினார்கள். பிரான்சு தேசத்துப் பியர் ஃபோஷார் என்னும் பல் வைத்தியர் 1728-ல் எழுதிய புத்தகத்தில்தான், அப்படிப்பட்ட புழுவைத் தாம் கண்டதில்லை என்று துணிந்து எழுதினார். பிறகு பெர்லின் நகரத்தில் வேலை பார்த்த மில்லர் என்னும் அமெரிக்கர், நாம் தின்கிற மாவுப்பண்டமும் சர்க்கரையும் பல்லில் தங்க, வாயிலுள்ள கிருமிகள் அதைப் புளிக்கவைத்து, அந்தப் புளிப்பு பல்லின் சுண்ணாம்பை அரிக்கிறது என்பதை 1890-ல் விளக்கி வைத்தார். புளித்த மோரைப் பித்தளைப் பாத்திரத்தில் ஊற்றிவைத்தால் என்ன ஆகும் என்று நம் தாய்மார்களுக்குத் தெரியும். அதே கதைதான். ஆகவே பல்வலி போன ஜென்மத்துப் பாவமல்ல. இந்த ஜென்மத்து வெல்லமும், பிஸ்கட்டும், நாளைக்கு ஆறு தடவை குடிக்கிற சர்க்கரைத் தேநீருமேயாகும்.

பல்தானே என்று சொல்லுகிறோமே, அது போனால் என்ன போகிறது என்று யாராவது நினைத்துப் பார்க்கிறோமா? கடைவாய்ப் பல் நாலு போனால் நிலக்கடலை போயிற்று, கறி போயிற்று, கீரைத்தண்டு போயிற்று. கஞ்சியும் குழைந்த சோறும்தான் மிச்சம். முன்பல் போனால் பேச்சுக் குழறுகிறது. பெண்கள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளுகிறார்கள். சீழ் கட்டிய பல்லை அப்படியே விட்டால் அது தாடையிலும் கழுத்திலும் இறங்கி மூச்சை அடைத்து ஆளையே கொன்றாலும் கொல்லும். ஈறு கெட்டிருந்தால் சர்க்கரை வியாதி அடங்காது. சர்க்கரை அடங்காவிட்டால் ஈறு ஆறாது. உலகத்தில் சுமார் 350 கோடிப் பேர் வாய் நோய் உள்ளவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தின ஆண்டில் ஃபுளோரைடு கலந்த பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவிலேயே சேர்த்துவிட்டது. அப்படியிருக்க நம்முடைய பேச்சில் மாத்திரம் அது இன்னும் 'பல்லுதானே' என்பதாகவே இருந்து வருகிறது.

தோழர்களே! இந்த ஊரில் நின்றுகொண்டு வைத்தியத்தைப்பற்றிப் பேசுகிறவன் அப்பர் கதையைத் தொடாமல் போக முடியாது. அவர் சமணராய் இருந்தபோது தருமசேனர் என்ற பெயரோடு இந்தப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தலைவராய் இருந்தார் என்றும், அவருக்குச் சூலை நோய் வந்தது என்றும், சமணர்கள் செய்த பரிகாரம் ஒன்றும் பலிக்கவில்லை என்றும், திருவதிகைக்குப் போய்த் தமக்கையார் கொடுத்த திருநீற்றைப் பூசிப் பாட்டுப் பாடியவுடன் நோய் நீங்கிற்று என்றும் பெரிய புராணம் சொல்லுகிறது. வயிற்றுவலி தானாக வருவதும் தானாகப் போவதும் உண்டு. போகும்போது எது கையில் இருந்ததோ அதற்குப் பெயர் வந்துவிடுகிறது. அதைப்பற்றி இன்று நாம் வழக்காட வரவில்லை.

நாம் சொல்ல வந்தது வேறு. சமணர்களுடைய தருமத்தில் நாலு தானம் உண்டு: உணவு, அடைக்கலம், மருந்து, படிப்பு. அதாவது மருந்து கொடுப்பது அவர்களுக்கு மதக் கடமையாகவே இருந்தது. அப்படிப்பட்டவர்களுடைய பள்ளி இந்த ஊரில் இருந்தது. அரசன் மதம் மாறியவுடன் பாடலிபுத்திரத்துப் பள்ளிகளை இடித்து, அந்தச் சாமான்களைக் கொண்டுபோய்த் திருவதிகையில் கோயில் கட்டினான் என்று அதே பெரிய புராணந்தான் சொல்லுகிறது, நாம் சொல்லவில்லை. மருந்தைக் கடமையாக வைத்திருந்த இடத்தை இடித்துச் சாம்பலுக்குக் கோயில் கட்டின கதையை நாம் இத்தனை நூற்றாண்டாகத் திருவிழாவாகக் கொண்டாடி வருகிறோம். சமணரையும் நாம் தூக்கிப் பிடிக்க வரவில்லை. அவர்களும் அதைத் தானம் என்றுதான் சொன்னார்கள். நமக்கு வேண்டியது தானமல்ல. கொடுக்கிறவன் மனம் மாறினால் தானம் நின்றுபோகும். வரி கொடுக்கிறவனுக்குப் பாத்தியதை என்று ஒன்று உண்டு, அது நிற்கக்கூடாது.

பல்லுக்குள் சாதி இருக்கிறது என்று சொன்னோமே, அதையும் சொல்லிவிடுகிறோம். மற்ற வைத்தியத்தைக் கையைப் பிடித்து நாடி பார்த்தோ, தூரத்தில் நின்று விசாரித்தோ செய்துவிடலாம். பல் வைத்தியத்துக்கு இன்னொருவன் வாய்க்குள் விரலை விட்டாகவேண்டும், எச்சிலைத் தொட்டாகவேண்டும். எச்சிலைப் போன்ற தீட்டு இல்லை என்று சொன்ன தேசத்தில், தாழ்த்தப்பட்டவன் வாய்க்குள் எந்தப் பெரிய வைத்தியர் விரலை விட்டிருப்பார்? அதனால்தான் பல் பிடுங்குகிற வேலை குறடு வைத்திருந்தவன் தலையில் விடப்பட்டது என்பது நமது அபிப்பிராயம். இந்தியாவில் முதல் பல் வைத்தியக் கல்லூரியை டாக்டர் ரபியுதீன் அகமது அவர்கள் கல்கத்தாவில் 1920-ல்தான் ஏற்படுத்தினார். பல் வைத்தியர்களுக்கென்று சட்டம் வந்தது 1948-ல்.

இனி சர்க்காரிடம் வருவோம். நம் சர்க்கார்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். நமக்குப் பொய் வேண்டியதில்லை. பொது சுகாதாரத்துக்கென்று ஒரு முழுச் சட்டத்தை 1939-லேயே சென்னை மாகாணம் செய்தது. இந்தியாவில் அதுவே முதல். மருந்துகளை மொத்தமாக வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப 1994-ல் ஒரு கழகம் ஏற்படுத்தப்பட்டது. பெரிய அறுவைகளுக்கு ஏழைகள் பணம் கட்ட வேண்டாம் என்று 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாயிற்று. 2018-ல் மத்திய சர்க்கார் திட்டத்தோடு சேர்ந்து குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் என்றாயிற்று. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும் என்பதை 2022-ல் 1,20,000 ரூபாய் என்று தளர்த்தினார்கள். 2024-ல் மத்திய சர்க்கார் 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமலே காப்பீடு என்றது. இவற்றால் பிழைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள்.

ஆனால் இத்தனை லட்சமும் எப்பொழுது கிடைக்கும்? பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்தால்தான் கிடைக்கும். நெஞ்சைத் திறந்தால் பணம் உண்டு. வாயைத் திறந்தால் இல்லை. (கைதட்டல்) அந்த அம்மாளுடைய சொத்தைப் பல்லை மூன்று மாதத்துக்கு முன்பே அடைத்திருந்தால் அரை மணி வேலை. அதற்கு அந்த அட்டையில் வழியில்லை. சீழ் கழுத்தில் இறங்கி, மூச்சுத் திணறி, ஆளைப் படுக்கையில் போட்டு அறுக்கவேண்டிய நிலைமை வந்தால், அப்பொழுது அட்டை கண் விழித்துப் பார்க்கும். ஓட்டை விழுந்த கூரைக்கு ஒரு கீற்றுக் கொடுக்க மாட்டேன், வீடு விழட்டும், பிறகு கல் வீடு கட்டித் தருகிறேன் என்று சொல்லுகிற தர்மப் பிரபுவை நீங்கள் என்னவென்று சொல்லுவீர்கள்?

மத்திய சர்க்கார் கணக்கையே பாருங்கள். 2013-14-ல் இந்தியாவில் வைத்தியத்துக்குச் செலவான ஒவ்வொரு 100 ரூபாயிலும் 64 ரூபாய் நோயாளி வீட்டு மடியிலிருந்து போயிற்று. 2021-22-ல் அது 39 ரூபாயாகக் குறைந்தது. குறைந்ததை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்த 39 ரூபாயில் பெரும்பங்கு படுக்காத நோயாளி செய்கிற செலவு: டாக்டர் பீஸு, மாத்திரை, ரத்தச் சோதனை, பல், கண்ணாடி. இந்தச் சில்லறைச் செலவுதான் ஏழையைத் தின்கிறது. இதில் பஸ் சத்தமும் போன கூலியும் சேரவில்லை. அவற்றை எந்தக் கணக்குப்பிள்ளை எழுதுகிறான்?

முதல் படியிலேயே பணம் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறிகளாய் விடுவார்கள் என்று சில பெரியவர்கள் சொல்லுவதுண்டு. அவர்களுக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டாம். நம் வீட்டுப் பெண்களையே காட்டுகிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற உதவித்தொகை 2006-ல் 6,000 ரூபாயாகவும், 2011-ல் 12,000 ரூபாயாகவும், 2018-ல் 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. கர்ப்பத்தைப் பதிவு செய்துகொள், சோதனைக்கு வா, ஊசி போட்டுக்கொள், பிள்ளைக்குத் தடுப்பூசி போடு, அந்தந்தத் தவணைக்குப் பணம் வாங்கிக்கொள் என்பது அதன் ஏற்பாடு. அதாவது நோய் வந்த பிறகல்ல, வருவதற்கு முன்பே பணம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் நர்சுகளும் இருந்து, பணமும் கிடைத்து, வழியும் ஏற்பட்டதன் பலன் என்ன? 2019-21-ல் எடுத்த தேசியக் கணக்கில், தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 100-க்கு 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில் நடந்திருக்கின்றன. எந்தப் பெண்ணாவது 18,000 ரூபாய்க்கு ஆசைப்பட்டுச் சோம்பேறியாய்ப் பிள்ளை பெற்றாளா? (சிரிப்பு) அதுபோலவே 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் என்கிற திட்டத்தில், ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். பூச்சி எடுக்கிறவன் வருகிற அதே வாசலுக்கு! நாம் கேட்பதெல்லாம், அப்படி வாசலுக்கு வருகிற அந்தப் பெண் கையில் ஒரு சின்ன விளக்கையும் கொடுத்து, மாத்திரை கொடுக்கும்போது வாயையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள் என்பதுதான். வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் போட்டுக் கன்னத்தில் வெள்ளைத் திட்டு விழுந்திருப்பதையும் அப்பொழுதே கண்டுகொள்ளலாம். அது புற்றாக முற்றின பிறகு காப்பீட்டு அட்டையைத் தேடுவதைவிட அது மேலல்லவா?

நம் ஜில்லாவுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. இங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டரில், சிதம்பரம் அண்ணாமலை நகரில், 1980 முதல் ஒரு பல் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. 2013-ல் சர்க்கார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. எடுத்த பிறகும் அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் தனியார் கணக்கிலேயே சம்பளம் கேட்டார்கள். மற்ற சர்க்கார் வைத்தியக் கல்லூரிகளில் ஆண்டுக்கு 14,000 ரூபாய்க்கும் குறைவாயிருந்த எம்.பி.பி.எஸ். படிப்புக்கு அங்கே 5 லட்சத்துக்கு மேல். 2020 டிசம்பரில் அந்தப் பிள்ளைகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அய்ம்பது நாள் போல நடந்தது. 2021 ஜனவரியில் வைத்தியக் கல்லூரியும் பல் வைத்தியக் கல்லூரியும் சுகாதார இலாகாவுக்கு மாற்றப்பட்டு, கடலூர் ஜில்லாவின் சர்க்கார் கல்லூரிகளாக ஆயின. இதை ஏன் சொல்லுகிறோம் என்றால், பிள்ளைகள் கேட்டார்கள், அவர்கள் பங்கு வந்தது. நோயாளியின் பங்கு எங்கே? ஊர் ஊராய் ஒரு நாற்காலியும், ஒரு விளக்கும், படித்து முடிக்கிற அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து உட்கார்ந்தால், காட்டுமன்னார்கோயில் பக்கத்து நடவாளும், தேவனாம்பட்டினத்து மீன்காரியும், பண்ருட்டி முந்திரிக் கொல்லைக்காரனும் கூலியைக் கெடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு ஏன் போகவேண்டும்? சிதம்பரத்துக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லியே ஒருவர் காலங்கழித்த கதை நம் ஜில்லாவில் ஒன்று போதும். (சிரிப்பு, கைதட்டல்)

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். இந்தக் கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. இங்கிலாந்தில் 1948 ஜூலை 5-ந் தேதி முதல் எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்று ஏற்படுத்தியபோது பல்லையும் கண்ணாடியையும் சேர்த்தே கொடுத்தார்கள். உடனே ஜனங்கள் கூட்டங்கூட்டமாய்ப் பல் வைத்தியரிடம் போனார்கள். செலவு போட்ட மதிப்பைத் தாண்டிற்று. 1951-ல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் என்றார்கள். அந்தத் திட்டத்தை உண்டாக்கிய மந்திரி அனூரின் பெவன், இது நான் சம்மதித்த காரியமல்ல என்று பதவியையே விட்டுப் போனார். கூட்டம் கூடிற்றே என்று அதைக் குற்றமாய்ச் சொல்லுகிறவர்கள், அந்தக் கூட்டம் அதுவரை எப்படி மென்று தின்றது என்பதைக் கேட்பதில்லை.

எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க முடியாவிட்டால், ஏழைக்கும் கிழவருக்கும் முதலில் கொடுக்கட்டும். பக்கத்தில் கேரளத்தில் மந்தஹாசம் என்று ஒரு திட்டம் வைத்து, 60 வயது கடந்த ஏழைகளுக்குச் செயற்கைப் பல்வரிசை கட்டிக் கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் பிழைக்கப்போன சிங்கப்பூரில் 2012 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. குடும்பத்தில் தலைக்கு இவ்வளவு வருமானம் என்று பார்த்து நீல நிறத்திலும் ஆரஞ்சு நிறத்திலும் அட்டை கொடுத்தார்கள். பிறகு 2019-ல் பச்சையும் வந்தது. நீல அட்டையோ ஆரஞ்சு அட்டையோ உள்ளவர் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள தனியார் டாக்டரிடமும் பல் வைத்தியரிடமும் போகலாம். செலவில் ஒரு பங்கை சர்க்கார் கட்டும். 1949-க்குள் பிறந்த முதியோர்களுக்கோ வருமானமே கேட்பதில்லை. அது முழுக்க இலவசமல்ல. அதுவும் அந்நாட்டுக் குடிகளுக்குத்தான். கட்டிட வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைக்கு அந்த அட்டை இல்லை. 2022 முதல் அவனுடைய முதல்படி வைத்தியத்துக்கு முதலாளி பணம் கட்டவேண்டும் என்று தனியாகச் சட்டம் செய்தார்கள். குறை இருக்கிறது. ஆனால் படுத்தால்தான் பணம் என்கிற பைத்தியக்காரத்தனம் அங்கே இல்லை என்பதைப் பார்க்கவேண்டும்.

இன்னொரு விஷயம். எந்த உதவியானாலும் நம் நாட்டில் முதலில் கேட்பது சர்ட்டிபிகேட். ரேஷன் கார்டு எங்கே, வருமானச் சான்று எங்கே, ஆதார் எங்கே என்கிறார்கள். வருமானம் இருக்கிறவனுக்குச் சான்று வாங்குவது அரை நாள் வேலை. வருமானமே இல்லாதவன் தனக்கு வருமானம் இல்லை என்று ருஜுப் படுத்துவதற்கு எத்தனை நாள் கூலியை விடவேண்டியிருக்கிறது! கிள்ளைப் பக்கமும் மற்ற இடங்களிலும் உள்ள இருளர் குடும்பங்களைப் பாருங்கள். சாதிச் சான்றுக்காகவே அவர்கள் எத்தனை வருஷமாய் அலைகிறார்கள்! எவனுக்கு உதவி மிகவும் தேவையோ அவன் கையில்தான் காகிதம் இருப்பதில்லை. கோயிலில் குலம் கேட்டு உள்ளே விட்டார்கள். ஆஸ்பத்திரியில் காகிதம் கேட்டு உள்ளே விடுகிறார்கள். பல்வலிக்காரனுக்கு வீங்கின கன்னத்தைவிட வேறு சர்ட்டிபிகேட் என்ன வேண்டும்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் டாக்டர் கூலிக்காரன் வரக்கூடிய நேரத்தில், அதாவது சாயங்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இருக்கட்டும். பிடுங்குவது மாத்திரமல்ல, அடைப்பதும் வேர்ச் சிகிச்சை செய்வதும் பல்வரிசை கட்டுவதும் காப்பீட்டில் சேரட்டும். பிடுங்குவதற்குக் குறடு போதும். காப்பாற்றுவதற்குத்தான் சாமான் வேண்டும். சாமான் இல்லாத இடத்தில் காப்பாற்றக்கூடிய பல்லும் போகிறது. 60 வயதானவர்களிடம் வயதைத் தவிர வேறொன்றும் கேட்க வேண்டாம். கர்ப்பிணிக்குப் பணம் கொடுக்கத் தெரிந்த சர்க்காருக்கு, அறுபது வயதுக் கிழவிக்கு ஒரு நாள் கூலி கொடுக்கவும் தெரியும். 2021-ல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசம் என்று செய்தபோது அதை வைத்திய உதவி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்த எத்தனையோ பெண்கள் போனார்களா இல்லையா?

இதை மேடையில் கேட்டுவிட்டுக் கலைந்துபோனால் பயனில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இந்தத் தேதிகளில் உங்கள் ஊரில் கிராம சபை கூடுகிறது. தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் தீர்மானம் போடுகிறீர்கள். பல் டாக்டர் வேண்டும் என்று எந்த ஊராவது தீர்மானம் போட்டதாக நம் காதுக்கு எட்டவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் நாலு வரியில் எழுதி, எழுதத் தெரியாதவர்களுடைய கைநாட்டையும் வாங்கி, புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். எதிர்க்க ஆள் வந்தால் அவரை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். (சிரிப்பு)

இரண்டு சீட்டு வந்திருக்கிறது. ஒரு தோழர், மேல்வாய்ப் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்கிறார். பொய். பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வைக்குப் போகிற நரம்பு வேறு. கிழ வயதில் பல்லும் விழுகிறது, பார்வையும் மங்குகிறது. இரண்டும் ஒரே வீட்டில் நடந்ததால் ஒன்றின்மேல் ஒன்று பழி போட்டிருக்கிறார்கள். கண் மங்கினால் கண் டாக்டரிடம் போங்கள். சீழ் கட்டிய பல்லைக் கண்ணுக்குப் பயந்து வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னொரு சீட்டு, அந்த அம்மாள் இப்பொழுது எங்கே என்று கேட்கிறது. நல்ல கேள்வி. நாளைக் காலை ரயிலில் இந்த ஊர்த் தோழர்கள் இருவர் அவரைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போகிறார்கள். ஒரு தோழியர் கூடத் துணைக்குப் போகிறார். அவருக்கு இரண்டு நாள் கூலி நஷ்டம். அதற்காக இப்பொழுது துண்டு சுற்றி வருகிறது. போடுகிறவர்கள் தர்மம் என்று நினைத்துப் போட வேண்டாம். சர்க்கார் கொடுக்கவேண்டிய பணத்தை நாம் கைமாற்றாகக் கொடுக்கிறோம். எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவு என்று கணக்கெழுதி, ரயில் சீட்டையும் அதோடு ஒட்டி, மந்திரிக்கு அனுப்பப் போகிறோம். (நீண்ட கைதட்டல்)